ஆறாவது குண்டூசி

எனக்கு முன்கோபம் அதிகம். நீங்களாகக் கண்டுபிடித்து என்னைத் திட்டுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். நூல் அறுந்தால் தையல் மெஷினோடு சண்டை போடுகிறவள் நான். என் கடைக்குத் துணி கொண்டுவருகிற பெண்கள், "அக்கா இன்னைக்கு எப்படி இருக்காங்க?" என்று பக்கத்து பேக்கரிக்காரரிடம் விசாரித்துவிட்டுத்தான் படியேறுவார்கள். அவரும் கையை ஆட்டிக் காட்டுவார், இப்போது போகலாம், அல்லது அரைமணி நேரம் கழித்துப் போகலாம் என்று. ஆனால் ஒன்று. சொன்ன தேதியில் துணி கிடைக்கும். இருபது வருஷத்தில் ஒரு சட்டைக்குக்கூட நான் தேதி தவறியதில்லை.

இப்படிப்பட்டவளுக்கு வந்து வாய்த்த ஒரே பிள்ளை ஒரு நத்தை. அந்தப் பெயரை வைத்ததும் நான்தான். பல் தேய்க்க இருபது நிமிஷம், ஷூ லேஸ் கட்டப் பத்து நிமிஷம், ஒரு தட்டுச் சோற்றுக்கு முக்கால் மணி நேரம். ஒவ்வொரு வாயையும் யோசித்து யோசித்து மெல்லுவான். "டேய் நத்தை, நீ உன் கல்யாணத்துக்குக் கிளம்பினா, பேரன் பேத்தி பிறந்தப்புறம்தான் மண்டபம் போய்ச் சேருவ" என்பேன். அவன் சிரிப்பான். சிரிப்பும் மெதுவாகத்தான் வரும்.

"நீ ஏம்மா கத்துற? மண்டபம் எங்க ஓடிப்போகப் போகுது?"

அவன் அப்பாவை 'நீங்க' என்பான். என்னை மட்டும் எப்போதும் நீ, வா, போ தான். "பெத்தவளுக்கு மரியாதை தர மாட்டியாடா?" என்று கேட்டால், "மரியாதை வேணுமா, நான் வேணுமா?" என்பான். வாய் மட்டும் நத்தை இல்லை.

பள்ளிக்கூடம் முடித்து எட்டு மாதம் வீட்டில் இருந்தான். வேலைக்கு விட்ட இரண்டு இடத்திலும், "தங்கமான பையன், ஆனா..." என்று இழுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த 'ஆனா' என் காதில் கிடந்து குடைந்தது. அப்போதுதான் ராணுவத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவனை இழுத்துக்கொண்டு போனேன். அங்கே நாலு பேர் தட்டி நிமிர்த்துவார்கள் என்று நினைத்தேன். தையல்காரிக்கு அப்படித்தான் புத்தி போகும். எந்தச் சுருக்கத்தையும் சூடாகத் தேய்த்தால் போய்விடும் என்று நம்புகிற தொழில்.

அவனுக்குப் பதினேழு வயது. பெற்றவர்களில் ஒருவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி, "உனக்குச் சம்மதமா தம்பி?" என்று கேட்டார். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. யோசித்துக்கொண்டிருந்தான். அவன் யோசித்து முடிப்பதற்குள் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

பயிற்சி இருபத்திரண்டு வாரம். முகாம் எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம். கையெழுத்துப் போட்ட காகிதத்தோடு இன்னொரு காகிதமும் கொடுத்தார்கள். மஞ்சள் நிறம். பயிற்சி தொடங்கி ஆறு வாரம் முடிவதற்குள், பிள்ளை வேண்டாம் என்றால், முதலில் கையெழுத்துப் போட்ட அதே ஆள் இதிலும் கையெழுத்துப் போட்டு நேரில் கொண்டுபோய் முகாம் வாசல் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். பிள்ளையைக் கையோடு கூட்டிவந்துவிடலாம். ஆறு வாரம் தாண்டினால் ஒன்பது வருஷம் அவன் அவர்களுடையவன். நான் அந்த மஞ்சள் காகிதத்தை நாலாக மடித்து பட்டன் டப்பாவுக்கு அடியில் வைத்தேன். இது நமக்குத் தேவைப்படாது என்று என் கணவரிடம் சொன்னதும் நினைவிருக்கிறது.

பயிற்சிக்குப் பிள்ளைகளை அனுப்பிய எங்கள் ஊர்க்காரர்கள் பழைய நூலகக் கட்டடத்தின் கூடத்தில் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கூடுவோம். நடத்தியது பெரியக்கா. அவர் வீட்டுக்காரர் ராணுவத்திலேயே இறந்தவர். மூத்த மகனும் அங்கேதான். இப்போது இளையவனும் போய்விட்டான். பேக்கரிக்காரரும் வருவார். அவர் மகளும் என் மகனும் ஒரே நாளில் பஸ் ஏறியவர்கள். மொத்தம் பதினோரு குடும்பம். நீளமேஜையில் பிஸ்கட் டப்பா மூடிகளைப் பரப்பி, ஆளுக்கொரு மெழுகுவர்த்தி நட்டுப் பிள்ளைகளை நினைத்துக்கொண்டு ஏற்றுவது வழக்கம்.

முதல் சனிக்கிழமையே பெரியக்கா ஆளுக்கொரு தடித்த மெழுகுவர்த்தி கொடுத்தார்.

"ஒரு பிள்ளைக்கு ஒரு மெழுகுவர்த்திதான். இருபத்திரண்டு வாரமும் இதே ஓடணும். நடுவுல தீர்ந்துட்டா நல்லா இருக்காது."

ஒரு வாரத்துக்கு எவ்வளவு எரிப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருவர் சுண்டுவிரல் அளவு என்றார், இன்னொருவர் கண்ணீர் நிற்கும்வரை என்றார். அந்தம்மாவின் கண்ணீர் நிற்கிற மாதிரித் தெரியவில்லை. எனக்கு எரிச்சல் வந்தது. "அழறதுக்கும் ஒரு அளவு வேணாமா? தள்ளுங்க இப்படி" என்று கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து அளந்தேன். பதினோரு அங்குலம். இருபத்திரண்டு வாரத்துக்குப் பங்கிட்டால் அரை அங்குலம். மணிக்கட்டில் கட்டியிருந்த ஊசிப் பஞ்சிலிருந்து குண்டூசிகளைப் பிடுங்கி, அரை அங்குலத்துக்கு ஒன்றாக, மேலிருந்து கீழே இருபத்திரண்டு ஊசி குத்தினேன். மெழுகு உருகி முதல் ஊசிவரை இறங்கியதும் ஊசி நழுவித் தகர மூடியில் விழும். விழுந்ததும் அணைத்துவிட வேண்டும். மீதி அடுத்த வாரத்துக்கு.

கடையிலிருந்து குண்டூசி டப்பாக்களை எடுத்துவந்து எல்லோருடைய மெழுகுவர்த்திக்கும் நானே குத்திக் கொடுத்தேன். குண்டூசி விழுந்தால்கூடக் கேட்கும் என்பார்களே, அந்தக் கூடத்தில் அதற்காகவே காத்திருந்தோம். முதல் ஊசி டிங் என்று விழுந்தபோது பேக்கரிக்காரர், "ஒரு வாரம் ஒழிஞ்சுது!" என்று கத்த, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பெரியக்கா கரும்பலகையில் 'முதல் வாரம்' என்று எழுதினார். அன்றிலிருந்து எங்கள் யாருக்கும் வாரம் என்ற பேச்சே இல்லை. கடைத்தெருவில் பார்த்தால், "எத்தனையாவது ஊசி?" என்றுதான் கேட்டுக்கொள்வோம். நத்தைக்கு எழுதிய முதல் கடிதத்தில் இதைத்தான் பெருமையாக எழுதினேன். உன் அம்மா மூளையைப் பார்த்தாயா என்று.

இரண்டாவது ஊசி விழுந்த பிறகு பெரிய மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. அந்தச் சனிக்கிழமை நூலகக் கூடத்தில் முழங்கால் தண்ணீர். மெழுகுவர்த்திகளை மேல் அலமாரியில் வைத்திருந்ததால் தப்பித்தன. கூட்டம் நடக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை ஈரச் சுவர் நாற்றத்துக்கு நடுவே கூடினோம். பெரியக்கா சொன்னார்:

"போன வாரம் விட்டுப்போச்சு. இன்னைக்கு ரெண்டு ஊசியா விட்டுடலாமா?"

எனக்கு அன்று கடையில் மூன்று கல்யாணத் துணி. ஒன்றரை மணி நேரம் உட்கார எனக்குப் பொறுமை இல்லை. அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"ஒண்ணொண்ணா விழட்டும்க்கா. ரெண்டா விட்டா பசங்க சீக்கிரம் வந்துடப் போறாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஒரு ஊசி விழுந்தது. பெரியக்கா பலகையில் 'மூன்றாவது வாரம்' என்று எழுதினார். எல்லோரும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பது எனக்காகவே சொல்லி வைத்தது.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை அவன் கடிதம் வந்தது. தேதியும் இடமும் எழுதக் கூடாது என்று அவர்களுக்கு விதி. மற்றபடி அவன் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தையும் செதுக்கி வைத்த மாதிரி.

'அம்மா, சாப்பிட மூன்று நிமிஷம்தான் தருகிறார்கள். என்னால் முடியவில்லை. நான் முடிக்கும் வரை மற்ற பதினைந்து பேரையும் வெயிலில் முட்டி போட வைக்கிறார்கள். அதனால் நான் சாப்பிடுவதையே விட்டுவிட்டேன். அப்படியும் எதிலாவது பிந்திவிடுகிறேன். என்னால் தண்டனை வாங்குகிறவர்கள் பிறகு என்னைத் தனியாகக் கவனிக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு பக்கக் காது சரியாகக் கேட்கவில்லை. மஞ்சள் காகிதம் உன்னிடம் இருக்கிறது. வந்துவிடு அம்மா.'

படித்தேன். காது என்ற வரியை இரண்டு தடவை படித்தது உண்மை. ஆனால் அடுத்த நிமிஷமே கோபம் வந்தது. பேக்கரிக்காரர் மகள், ஒல்லிக்குச்சி, அவளே தாக்குப் பிடிக்கிறாள், இவனுக்கு என்ன கேடு? பெரியக்கா கூட்டத்தில், "உன் பையன் மெதுவானவனாச்சே, தாங்குவானா?" என்று கேட்டபோது, "என் பிள்ளை ஓடி வர்ற ஜாதி இல்லைக்கா" என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தேன். அந்த வாய் என்னைப் பிடித்து நிறுத்தியது.

என் கணவர் தூரத்து ஊர்களுக்கு பஸ் ஓட்டுகிறவர். வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பார், அந்த இரண்டு நாளும் பேசுவது பத்து வார்த்தை. கடிதத்தைப் படித்துவிட்டு, சட்டையைக் கழற்றாமலே நின்றார்.

"கையெழுத்துப் போடு. நாளைக்கே போய்க் கூட்டிட்டு வா."

"ஆறு வாரம் டயம் இருக்குங்க. பழகிடும். கடைசி நாள் வரைக்கும் பார்ப்போம்."

"காது கேட்கலைங்கிறான்."

"ஒரு பக்கம்தானே. வீட்டுல இருந்தப்போ ரெண்டு பக்கமும் கேட்காத மாதிரிதானே இருந்தான்?"

நான் சொன்னதுதான் அது. அப்படியே, இதே வாயால்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பெத்த மனம் பித்துன்னு சொல்லுவாங்க. உனக்கு எப்படிடி கல்லாப் போச்சு?" என்றார். பத்து வார்த்தைக் கணக்கு அன்றைக்கு அதோடு முடிந்தது. போய்ப் படுத்துக்கொண்டார்.

நான் உட்கார்ந்து பதில் எழுதினேன். 'கண்ணு, ஆறாவது ஊசிவரை பொறுத்துக்கொள். அப்போதும் வேண்டாம் என்றால், ஆறாவது ஊசி விழுகிற சனிக்கிழமை காலையில் நானே காகிதத்தோடு வந்து கூட்டிப்போகிறேன். இது சத்தியம். அம்மா எதற்காவது பிந்தியிருக்கிறேனா?'

அவன் பதில் ஒரே வரியில் வந்தது. 'சரி அம்மா. ஆறாவது ஊசி அன்றைக்கு வாசலில் இருப்பேன்.'

அந்த ஒரு வரியைப் படித்ததிலிருந்துதான் என் மனசு மாறியது. வாதாடவில்லை, கெஞ்சவில்லை. பொறுத்துக்கொள்கிறேன் என்று ஒத்துக்கொண்டுவிட்டான். மெஷினை மிதித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று, பதினைந்து பேர் வெயிலில் முட்டி போட்டு இவன் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிற காட்சி கண்ணுக்கு முன்னால் வரும். கால் நின்றுவிடும். இப்போதே போய்க் கூட்டிவந்தால் என்ன என்று எத்தனை தடவை எழுந்தேன். சொன்ன தேதி சொன்ன தேதிதான் என்று உட்கார்ந்தேன். சனிக்கிழமைகளில் ஊசி விழும்போது இப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான்கு. ஐந்து. ஐந்தாவது விழுந்த அன்றே மஞ்சள் காகிதத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டுப் பையில் வைத்துவிட்டேன். அவன் கட்டிலுக்குப் புது விரிப்புத் தைத்தேன். ஓரம் நேராக வரவில்லை, பிரித்துப் பிரித்துத் தைத்தேன்.

கடைச் சுவரில் நாள்காட்டி இருந்தது. என் மூக்குக்கு நேரே. அதில் ஊரார் பாவாடைக்கும் சட்டைக்கும் சிவப்பு வட்டம் போட்டிருந்தேன். என் பிள்ளைக்கு ஒரு வட்டம் போடத் தோன்றவில்லை. அவன் கணக்கு மெழுகுவர்த்தியில் இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் போனேன். என் கணவர் வெளியூருக்கு வண்டி ஓட்டப் போயிருந்தார், அதனால் தனியாகத்தான். பையில் மஞ்சள் காகிதம், அவனுக்கு ஒரு மாற்றுச் சட்டை, வழியில் சாப்பிட ரொட்டி. பேக்கரிக்காரர் விடியற்காலையிலேயே எழுந்து சூடாகக் கொடுத்தார். "நத்தையை மெதுவா சாப்பிடச் சொல்லு. ரொட்டி எங்கயும் ஓடாது" என்றார். பஸ்ஸில் அவனுக்கு என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். திட்டக் கூடாது, எதுவும் கேட்கக் கூடாது, முதலில் காதைப் பார்க்க வேண்டும்.

வாசல் அலுவலகம் ஒரு சின்ன அறை. ஒரு மேஜை, ஒரு எழுத்தர், சுவரோரம் ஒரு பெஞ்சு. பெஞ்சு காலியாக இருந்தது. இன்னும் எட்டரை மணிதான், பிறவி நத்தை, இப்போதுதான் லேஸ் கட்டிக்கொண்டிருப்பான் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே காகிதத்தை நீட்டினேன்.

எழுத்தர் ஐம்பது வயதுக்காரர். காகிதத்தில் இருந்த எண்ணைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்க அந்தத் தம்பியோட அம்மாவா?"

"ஆமாங்க. கூப்பிடுங்க அவனை."

"அம்மா, இதுக்குக் கெடு போன சனிக்கிழமை மதியத்தோட முடிஞ்சு போச்சே."

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். "என்னய்யா சொல்ற? ஆறு வாரம் இன்னைக்குத்தான் முடியுது. எண்ணத் தெரியாத ஆளை யாரு இங்க உட்கார வச்சது?"

அவர் கோபப்படவில்லை. மேஜை நாள்காட்டியை என் பக்கம் திருப்பினார். பென்சில் முனையை ஒரு திங்கட்கிழமையில் வைத்தார். "இது அவங்க வந்த நாள். இந்தச் சனிக்கிழமை ஒண்ணு. இது ரெண்டு. இது மூணு..."

மூன்று என்றபோது அவர் பென்சில் நின்ற கட்டத்தைப் பார்த்தேன். மழை. முழங்கால் தண்ணீர். ஒண்ணொண்ணா விழட்டும்க்கா.

அவர் நான்கு, ஐந்து, ஆறு என்று எண்ணிக்கொண்டே போனார். எனக்கு மேலே கேட்கத் தேவைப்படவில்லை. கையிலிருந்த பை கீழே விழுந்ததைக்கூட அவர்தான் எடுத்து பெஞ்சில் வைத்தார்.

"உட்காருங்கம்மா. தண்ணி குடிங்க."

"அவன் எங்க?"

"போன சனிக்கிழமை காலையில ஏழு மணிக்கே பையோட வந்துட்டான். இதே பெஞ்சுலதான் உட்கார்ந்திருந்தான். அவங்க சார்ஜென்ட் வந்து கேலி பண்ணினார். 'எங்கம்மா வந்துடுவாங்க, எதுக்கும் லேட்டா வர மாட்டாங்க'ன்னு என்கிட்ட சொன்னான். ஒவ்வொரு பஸ் வரும்போதும் எழுந்து பார்த்தான். நான்கூட கெடு நேரத்துக்கு மேல அரைமணி பார்த்தேங்க. அதுக்கு மேல என்னால முடியலை."

"அப்புறம்?"

"எழுந்து, பெஞ்சை ஓரமாத் தள்ளி வச்சுட்டு, உள்ள போயிட்டான்."

அதிகாரியைப் பார்த்தேன். அழுதேன், கத்தினேன், காலில் விழப் போனேன். அவர் மூன்று வாக்கியத்தில் விதியைச் சொன்னார். ஒன்பது வருஷம். ஏழாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் முடியும்வரை கடிதம்கூடப் போகாது, வராது. பிறகுதான் ஒரு பார்வை நாள். காதைப் பற்றிக் கேட்டேன். மருத்துவர் பார்ப்பார் என்றார். வெளியே வந்து எழுத்தரிடம், அவனிடம் எப்படியாவது சொல்லுங்கள், அம்மா வந்தாள், ஊசிக் கணக்கு தப்பிவிட்டது என்று சொல்லுங்கள் என்றேன். ஊசி என்றால் என்ன என்று அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் தலையாட்டினார்.

ரொட்டியை பஸ் நிறுத்தத்தில் யாருக்கோ கொடுத்துவிட்டேன்.

ஐந்து மணிக்கு நேரே கூடத்துக்குத்தான் போனேன். வீட்டுக்குப் போய் அந்தப் புது விரிப்பைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. எல்லோரும் ஏற்றிவிட்டுக் காத்திருந்தார்கள். என்னுடையதையும் பெரியக்காவே ஏற்றி வைத்திருந்தார். பேக்கரிக்காரர் என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். நான் என் மெழுகுவர்த்திக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஆறாவது ஊசி விழுந்தது. பெரியக்கா சாக்கட்டியை எடுத்துக்கொண்டு பலகைக்குப் போனார்.

"ஆறுன்னு எழுதாதீங்கக்கா. ஏழு."

"என்னம்மா சொல்ற?"

"மழை வாரத்தை நாம எண்ணவே இல்லை. இது ஏழாவது வாரம்."

ஒரு நிமிஷம் எல்லோரும் விரல் விட்டு எண்ணினார்கள். பிறகு ஒரு பெண், "அப்போ நம்ம பசங்க நாம நினைச்சதைவிட ஒரு வாரம் முன்னாடியே லீவுல வந்துடுவாங்களா!" என்று கத்தினாள். கூடம் முழுக்கக் கைதட்டல். யாரோ யாரையோ கட்டிப்பிடித்தார்கள். முதல் வாரம் முழுக்க அழுத அந்தம்மா இப்போது சிரித்துக்கொண்டு என் கன்னத்தைக் கிள்ளி, "நீ நல்லா இருக்கணும்மா, இதைக் கண்டுபிடிச்சு சொன்னியே" என்றார். பேக்கரிக்காரரும் கை தட்டினார். தட்டிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தவர், கையை அப்படியே மடியில் வைத்துக்கொண்டார்.

வாழ்க்கையில் முதல் தடவையாக, வர வேண்டிய இடத்தில் எனக்குக் கோபம் வரவில்லை. யார் மேல் வரும்? எல்லோரும் தங்கள் மெழுகுவர்த்தியிலிருந்து ஒரு ஊசியைக் கையால் பிடுங்கிப் போட்டார்கள். நானும் பிடுங்கினேன். கையால் பிடுங்கினால் சத்தமே வருவதில்லை. அந்த ஊசியைப் பஞ்சில் குத்தாமல் பர்ஸுக்குள் போட்டுக்கொண்டேன்.

என் கணவரிடம் சொன்னபோது அவர் திட்டவில்லை. அதையாவது செய்திருக்கலாம். புது விரிப்பை மடித்து அலமாரியில் வைத்தார். அன்றிலிருந்து அவருடைய பத்து வார்த்தையும் ஐந்தாகிவிட்டது.

பன்னிரண்டாவது வாரம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை பார்வை நாள். இரண்டு பேரும் போனோம். ஒரு நீளக் கூடம், வரிசையாக மேஜைகள், மேஜைக்கு ஒரு குடும்பம். அவன் வந்தான். இல்லை, ஒரு இளைஞன் வந்தான், விறைப்பாக, நேராக, வேகமாக. எங்கள் மேஜைக்கு முன்னால் வந்து குதிகாலைச் சேர்த்து நின்ற பிறகுதான் என் பிள்ளை என்று தெரிந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. சட்டை தோளில் இரண்டு அங்குலம் தொங்கியது.

"வணக்கம்ங்கப்பா. வணக்கம்ங்கம்மா. நல்லா இருக்கீங்களா?"

என் காதில்தான் கோளாறு என்று நினைத்தேன். "கண்ணு, உட்காருடா" என்றேன்.

"நீங்க உட்காருங்கம்மா."

நீங்க. நான் கெட்டுப்போனது எனக்கு அந்த இடத்தில்தான் முழுதாகப் புரிந்தது. நாள்காட்டியில் புரிந்ததைவிட, அந்தக் காலி பெஞ்சில் புரிந்ததைவிட.

கோழியும் சோறும் கொண்டுபோயிருந்தேன். தட்டில் போட்டேன். குனிந்தான். நான் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கப் பாத்திரத்தைத் திறந்து மூடுவதற்குள் தட்டு காலி. கையைத் துடைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்தான். மென்றானா என்றுகூடத் தெரியவில்லை.

"இன்னும் கொஞ்சம் போடட்டா? மெதுவா சாப்பிடுடா, நேரம் இருக்கு."

"போதும்ங்கம்மா."

இடது காதைப் பார்த்தேன். நான் அந்தப் பக்கம் இருந்து பேசினால் அவன் முகத்தைத் திருப்பி என் உதட்டைப் பார்த்தான். என் கணவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மழை பெய்ததை, கூடத்தில் தண்ணீர் நின்றதை, கல்யாணத் துணியை, ஒண்ணொண்ணா விழட்டும் என்று என் நாக்கில் சனி உட்கார்ந்து பேசியதை, அடுத்த சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வந்ததை. மேஜையைத் தாண்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. பிடிக்கவும் இல்லை.

"எழுத்தர் சொன்னாருங்கம்மா. ஏதோ ஊசிக் கணக்கு தப்பிடுச்சுன்னு."

"நம்புறியாடா?"

"நம்புறேங்கம்மா."

அதிகாரி கேட்டாலும் அதே குரலில்தான் சொல்லியிருப்பான்.

"திட்டுடா என்னை. கத்து. வா போன்னு பேசுடா."

"பரவாயில்லைங்கம்மா. நீங்க என்ன பண்ணுவீங்க."

எனக்கு வேறு வழி தெரியவில்லை. பர்ஸைத் திறந்து அந்தக் குண்டூசியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தேன். "இதுதான்டா. அந்த வாரத்து ஊசி. பொய் சொல்லலை பார், இது விழவே இல்லை, நான் கையால பிடுங்கினது. நீ வச்சுக்கோ."

அவன் அதைப் பார்த்தான். கொஞ்ச நேரம், பழைய மாதிரி, யோசிக்கிறவன் மாதிரி பார்த்தான். அப்போது மணி அடித்தது. சட்டென்று எழுந்து நின்றான். குதிகால்கள் சேர்ந்தன.

"கூர்மையான பொருள் உள்ள அனுமதி இல்லைங்கம்மா. நீங்களே வச்சுக்குங்க" என்று சொல்லி, இரண்டு கையாலும் என்னிடம் திருப்பிக் கொடுத்தான்.